வீட்டோடு இருந்த அப்பா

நியூயார்க்கில் இருக்கும் என் தம்பிக்கு மூன்று பைத்தியம்: பழைய இசைத்தட்டு, பேஸ்பால், அவன் கைக்குழந்தை. போன வாரம் ஜான் லென்னன் கதை சொன்னான். 1965-இல் அந்த ஊர் பேஸ்பால் மைதானத்தில் ஐம்பத்தையாயிரம் பேர் முன்னால் பாடிய பீட்டில்ஸ்காரர். 1975-இல் மகன் ஷான் பிறந்ததும், பாட்டை ஓரங்கட்டிவிட்டு ஐந்து வருஷம் வீட்டோடு இருந்தாராம். பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, ரொட்டிகூடத் தானே சுட்டாராம்! வரவு செலவெல்லாம் மனைவி யோகோ பார்த்தாள். 1980 நவம்பரில் ‘டபுள் ஃபேன்டசி’ வந்தது. மகனுக்கென்றே அதில் ஒரு பாட்டு. டிசம்பர் 8-ஆம் தேதி வீட்டு வாசலிலேயே சுட்டுவிட்டார்கள். ஷானுக்கு ஐந்தே வயசு.

அந்தத் தட்டைப் போட்டுத்தான் தம்பி குழந்தையைத் தூங்க வைக்கிறானாம். “மாட்ச் நடக்கிறப்பகூடத் துணி மாத்தறது நான்தான் அக்கா!” என்றான். பேப்பர் படித்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர் காதில் விழட்டுமென்று, அதை நான் உரக்கத் திருப்பிச் சொன்னேன்.