வாரத்தில் ஒரு நாள்: மருந்துச் சீட்டின் இலக்கணம் குறித்து

முடக்குவாதத்திற்கு உலகெங்கும் பெரும்பாலும் முதலில் பரிந்துரைக்கப்படும் மருந்து மெத்தோட்ரெக்ஸேட். தன் உடலின் மூட்டுகளையே தாக்கும் நோயெதிர்ப்பாற்றலைத் தணிப்பது அதன் பணி. அதன் பாதுகாப்பு பற்றிய பேச்சு வழக்கமாகக் கல்லீரல், இரத்த அணுக்கள் என்ற எல்லைக்குள் மருத்துவர்களிடமே விடப்படுகிறது. மொழியைப் படிப்பவர்களுக்கும் அதில் பொறுப்பு உண்டு என்பது என் வாதம். ஏனெனில் இம்மருந்தினால் நேரும் மிகக் கொடிய தீங்குகளில் ஒன்று மருந்துச் சீட்டைப் படிப்பதில் தொடங்குகிறது.

முடக்குவாதத்திற்கு இதன் அளவு பொதுவாக 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை. அதுவும் வாரத்தில் ஒரே நாள். அதே அளவை நாள்தோறும் உட்கொண்டால் சில நாட்களிலேயே வாய் முழுதும் புண்ணாகலாம், எலும்பு மஜ்ஜை ஒடுங்கி இரத்த அணுக்கள் சரியலாம், உயிரும் போகலாம். இத்தகைய இறப்புகள் இந்தியா உட்படப் பல நாடுகளின் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

நம் நாட்டு மருந்துச் சீட்டுக்கு ஒரு தனிக் குறியீடு உண்டு. 1-0-1 என்றால் காலையும் இரவும்; 1-0-0 என்றால் காலை மட்டும். எந்த மொழி பேசுபவரும், எழுத்தறியாதவரும்கூட எளிதில் பிடித்துக்கொள்ளும் அருமையான குறியீடு அது. ஆனால் அதில் மூன்று இடங்களே உள்ளன. மூன்றும் ஒரு நாளுக்குள் அடங்குபவை. கிழமைக்கு அதில் இடமே இல்லை. எனவே ‘வாரம் ஒருமுறை’ என்ற செய்தி குறியீட்டுக்கு வெளியே, ஓரத்தில், ஆங்கிலத்தில் ‘வீக்லி ஒன்ஸ்’ என்று ஒதுங்குகிறது. பழகிய கண் 1-0-0 என்பதைப் படித்துவிட்டு ஓரக்குறிப்பைக் கடந்துவிடுகிறது. உயிர்காக்கும் சொல்லுக்கு நாம் அளித்திருக்கும் இடம் அதுதான்.

பெயர்களும் குழப்பத்தைக் கூட்டுகின்றன. பக்கவிளைவுகளைக் குறைக்க மெத்தோட்ரெக்ஸேட்டுடன் ஃபோலிக் அமிலமும் தரப்படுகிறது. நம் சந்தையில் ஃபோலிட்ராக்ஸ் என்பது மெத்தோட்ரெக்ஸேட். ஃபோல்வைட் என்பது ஃபோலிக் அமிலம். முதல் அசையின் ஒலி ஒன்றே. ஒன்றை வாரம் ஒருமுறைக்கு மேல் தொடக்கூடாது. மற்றொன்று அடிக்கடி உட்கொண்டாலும் பெருந்தீங்கு செய்யாதது. இரண்டும் இடம் மாறினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

‘பக்கவிளைவு’ என்ற சொல்லும் நமக்கு உதவுவதில்லை. சரியான அளவில் நேரும் குமட்டல், வாய்ப்புண், கல்லீரல் நொதிகளின் உயர்வு ஆகியவையும் தவறான அளவில் நேரும் பேரழிவும் அந்த ஒரே சொல்லுக்குள் அடைபடுகின்றன. முந்தையவற்றைக் காலமுறை இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் முன்கூட்டியே காட்டிவிடும். பிந்தையதைத் தெளிவான சொல் தடுக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்லாதபோது, ‘இது புற்றுநோய் மருந்தாமே’ என்ற அச்சம் நோயாளியைச் சிகிச்சையிலிருந்து விரட்டுகிறது. புற்றுநோய்க்கும் இதே மருந்து தரப்படுவது உண்மைதான். ஆனால் அங்கு அளவு பன்மடங்கு மிகுதி. அஞ்சி நிறுத்தியவரின் மூட்டுகளை நோய் அரிக்கிறது. அந்தச் சேதம் மீள்வதில்லை. ஆக, மொழியின் தெளிவின்மை மிகுதியாக உட்கொள்ளவும் வைக்கிறது, அறவே கைவிடவும் வைக்கிறது.

தீர்வு அரியதன்று. 2019இல் ஐரோப்பிய மருந்து முகமை, இம்மருந்தை உட்கொள்ளும் கிழமையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வலியுறுத்தியது. 2016இல் இந்திய மருத்துவ கவுன்சில் செய்த விதித் திருத்தம், மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதச் சொன்னது. அடுத்த படி, நோயாளியின் மொழியில் கிழமையை எழுதுவதாக இருக்கட்டும். ‘மண்டே’ என்பதை ‘மார்னிங்’ என்று படித்து நாள்தோறும் உட்கொண்ட நிகழ்வு அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறது. ‘திங்கள்’ என்பதை எவரும் ‘காலை’ என்று படிக்க மாட்டார். இந்தியில் ‘சோம்வார்’ என்பதும் ‘சுபஹ்’ என்பதும் அவ்வாறே. மேலும் மராத்தி, குஜராத்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றிலும் அந்தச் சொல் சிறு ஒலி மாற்றங்களுடன் ஒன்றே. இவ்வளவு பரந்த பொதுச் சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு ‘வீக்லி ஒன்ஸ்’ என்று எழுதுகிறோம்.

நெரிசல் மிகுந்த புறநோயாளர் பிரிவில் மருத்துவர் எத்தனை மொழிகளில் எழுதுவார் என்ற மறுப்பு நியாயமானது. ஏழு கிழமைகளும் வட்டார மொழியில் அச்சிட்ட ஒரு முத்திரையும், அதில் ஒரு கிழமையைச் சுற்றும் பேனாவும் போதும். படிக்கத் தெரியாதவரிடம் மருந்தாளுநர் ‘எந்தக் கிழமை சாப்பிடுவீர்கள்?’ என்று கேட்டு, பதிலை அவர் வாயாலேயே சொல்லவைக்கலாம். அந்த முத்திரையின் சொற்களைத் தேர்ந்து, நோயாளிகளிடம் படிக்கக் கொடுத்துச் சோதித்து, மருத்துவமனைகளுக்கு அளிப்பது மொழியியல் துறைகளால் இயலும் பணி. ஒரு பருவத்தின் களப்பணிக்கு இதைவிடப் பயனுள்ள தலைப்பு எனக்குத் தென்படவில்லை.