முதல் எதிரி

காவல்துறைத் தமிழில் ஒரு சொல் உண்டு: எதிரி. குற்றம் சாட்டப்பட்டவரை எப்.ஐ.ஆரிலும் குற்றப்பத்திரிகையிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். முதல் எதிரி, இரண்டாம் எதிரி, மூன்றாம் எதிரி. எம்.ஏ. தமிழ் படித்தபோது எந்த இலக்கணத்திலும் எனக்கு இந்தப் பொருள் சொல்லித்தரப்படவில்லை. சாட்சி கூண்டேறவில்லை, நீதிபதி வாய் திறக்கவில்லை. அதற்குள் அரசு எழுதிவிட்டது, இவன் எதிரி என்று. யாருக்கு எதிரி? காலையில் புகார் கொடுக்கப் போன சேரிக்காரன் ராத்திரிக்குள் எதிரியாகிவிடுகிற நாட்டில் இதைக் கேட்காமல் இருக்க முடியாது.

திருவரங்குளம், புதுக்கோட்டைக்கும் ஆலங்குடிக்கும் நடுவில் இருக்கிறது. தைலமரக் காட்டுக்கும் கட்டிட வேலைக்கும் கூலிக்குப் போகிற சனங்கள். சாதி சொல்லி அடித்தார்கள் என்று ‘பி.சி.ஆர். கேசு’ கொடுத்தால் (வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு நம்ம சனங்க வாயில் இன்னமும் இதுதான் பேரு) என்ன நடக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடித்தவன் போய் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்வான். எதிர்வழக்கு வரும். 294(பி) அசிங்கமாகத் திட்டியது, 323 கையால் அடித்தது, 506(2) கொலை மிரட்டல். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம். அதே குற்றங்களுக்கு 296(பி), 115(2), 351(3) என்று நம்பர் மாறியது. நம்பர்தான் மாறியது.

எதிர்வழக்கு ஜெயிப்பதற்காகப் போடப்படுவதல்ல. ‘நீ அதை வாபஸ் வாங்கு, நாங்க இதை வாங்கிக்கிறோம்’ என்று ராஜிக்கு இழுக்கப் போடப்படுவது. வன்கொடுமைச் சட்டத்தின் கழுத்தை நெரிக்கிற கயிறு அதுதான். புகார்தாரராக இருக்கும்வரை அரசு வக்கீல் பேருக்காவது நம்ம பக்கம். எதிரி ஆன அன்றைக்கு அவர் அந்தப் பக்கம் நிற்பார். நம்ம பக்கம் யார்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாதவரை, நாம் ஒட்டுகிற போஸ்டரும் நடத்துகிற ஆர்ப்பாட்டமும் முதல் ரிமாண்டிலேயே தோற்றுப்போகும்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஊர்ப் பேரும் ஸ்டேசன் பேரும் வேண்டாம். கட்டிட வேலைக்குப் போகிற பையன், வயது இருபத்திரண்டு. அடிவாங்கியவன் அவன், உள்ளே போனவனும் அவன். அம்மா என்னிடம், ‘வக்கீலுக்குக் குடுக்க ஆடு ரெண்டுதாம்ப்பா கெடக்கு’ என்றது. ஆடு இரண்டும் புரோக்கர் கைக்குப் போயின. பதினேழு நாள் கழித்து வெளியே வந்தவனிடம், கோர்ட்டில் வக்கீல் வேண்டுமா என்று கேட்டார்களா என்றேன். ‘கேட்டாகண்ணே. காசு இல்லன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. வேணாமுன்னுட்டேன்’ என்றான். வெளியே வந்த அடுத்த வாரம் இரண்டு வழக்கும் ராஜி. அடித்தவன் அதே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான்.

அந்த ‘வேணாம்’ யார் சொன்னது? அந்தப் பையனா? காசு கொடுத்தால்தான் வக்கீல் என்று அவனை நம்ப வைத்திருக்கிற அரசு சொன்னது அது.

சட்டம் என்ன சொல்கிறது? 1976இல் 42ஆம் திருத்தம் அரசியல் சட்டத்தில் 39ஏ பிரிவைச் சேர்த்தது: பணம் இல்லாததால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது. பாகல்பூரில் கைதிகளின் கண்ணைக் குருடாக்கிய வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: முதல்முறை நடுவர் முன் நிறுத்தும்போதே வக்கீல் தரவேண்டும், இந்த உரிமை உண்டென்று நடுவரே சொல்லவேண்டும். 1983இல் ஷீலா பார்சே வழக்கில், கைது செய்தவுடன் அருகிலுள்ள சட்ட உதவிக் குழுவுக்குப் போலீசே தகவல் சொல்லவேண்டும் என்றது. 1986இல் சுக் தாஸ் வழக்கு, அருணாசலப் பிரதேசத்தில். அதுவும் 506 தான், மிரட்டல். வக்கீல் இல்லாமல் தண்டித்தது செல்லாது, அவர் கேட்கவில்லை என்பது சாக்கு ஆகாது என்று தண்டனையையே ரத்து செய்தார்கள். 2012இல் கசாப்பின் தூக்கை உறுதி செய்த அதே தீர்ப்பில், முதல் நாளே இந்த உரிமையை முழுசாகப் புரியவைப்பது நடுவரின் கடமை என்று எழுதினார்கள்.

சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இல் வந்தது. நடைமுறைக்கு வர 1995 நவம்பர் 9 ஆனது. அதன் 12ஆம் பிரிவைச் சேரிதோறும் உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். பட்டியல் சாதியார், பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்பவர்கள்: இவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. தாசில்தாரிடம் வருமானச் சான்றுக்கு நிற்கவேண்டியதில்லை. இதைப் போய் ‘இலவச வக்கீல்’ என்கிறார்கள். வேட்டி சேலையோடு சேர்த்துக் கொடுக்கிற இலவசமா இது? அரசு வக்கீலுக்கு, போலீசுக்கு, ஜெயிலுக்குச் செலவழிப்பதை யாரும் இலவசம் என்று சொல்வதில்லை. நமக்கு ஒரு வக்கீல் வைத்தால் மட்டும் அது தருமமாகிவிடுகிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வழக்கைப் பொறுத்து 60 நாள் அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை. ஆனால் அது தாக்கலாவதற்கு முன்னால் கேட்கவேண்டும். நாளை எண்ணிக்கொண்டிருக்க வக்கீல் இல்லாதவன் உள்ளேயே கிடப்பான்.

புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் வேங்கைவயல். சேரிக் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. 2023 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. விசாரணை. டி.என்.ஏ. சோதனைக்கு இரத்தம் கொடுக்கக் கூப்பிட்டவர்களில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களும் இருந்தார்கள். 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது, அதே சேரியின் மூன்று இளைஞர்கள் மேல். வன்கொடுமைச் சட்டம் கழன்றுகொண்டது, வழக்கு சிறப்பு நீதிமன்றத்திலிருந்து நடுவர் மன்றத்துக்கு மாறியது. குற்றப்பத்திரிகை போலீசின் வாதம், தீர்ப்பு அல்ல. ஆனால் எதிரி என்ற சொல் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. நாடே பார்த்துக்கொண்டிருந்த வழக்கிலேயே இப்படியென்றால், பத்திரிகையில் நாலு வரி வராத கேசுகளை யோசித்துப் பாருங்கள்.

தண்ணீர் எடுத்தவன் மேலேயே வழக்குப் போடுவது புதிதல்ல. 1927 மார்ச்சில் மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் குடித்தார். அந்த டிசம்பரில் சாதி இந்துக்கள் அவர்மேல் வழக்குப் போட்டார்கள். அது சிவில் வழக்கு. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் முடிய 1937 ஆனது. பத்து வருடம் தாக்குப்பிடிக்க முடிந்தது, பிரதிவாதியே பாரிஸ்டராக இருந்ததால். நம்ம பையன்களுக்கு?

‘கவர்மெண்டு குடுக்கிற வக்கீல் ஒப்புக்கு வருவான், அவனும் அந்தச் சாதியாத்தான் இருப்பான்’ என்று நம் தோழர்களே சொல்கிறார்கள். இந்தச் சந்தேகம் நியாயமானது, பட்டு அறிந்தது. ஆனால் அதற்காக உரிமையை விட்டுவிட்டு ஆட்டை விற்பதா? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சரியில்லை என்றால் பிள்ளையை நிறுத்திவிடுவோமா, வாத்தியாரைக் கேட்போமா? வக்கீல் வாய்தாவுக்கு வரவில்லையென்றால் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் புகார் கொடு, வக்கீலை மாற்றக் கேள். கண்காணிப்புக் குழு வேண்டும் என்று 2010 விதிகளிலேயே இருக்கிறது. வக்கீல் பட்டியலில் நம் சாதி வக்கீல்கள், பெண் வக்கீல்கள் எத்தனை பேர் என்று கணக்குக் கேள். கைதுக்கு முன்பும் கைதின்போதும் சட்ட உதவி என்று 2019இல் தேசிய ஆணைக்குழுவே நெறிமுறை எழுதியது. அது எந்த ஸ்டேசனில் நடக்கிறது என்று இயக்கங்கள் போய்ப் பார்க்கவேண்டும்.

ஒரு பையனை ஜீப்பில் ஏற்றினால் நாலு பேர் ஸ்டேசனுக்கு ஓடுகிறோம். இனி ஒருவர் ஆலங்குடிக்கோ புதுக்கோட்டைக்கோ சட்டப்பணிகள் குழுவுக்கு ஓடட்டும். ராத்திரியானால் 15100க்குப் போன் போடட்டும். நம் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வாக்கியத்தை இப்போதே மனப்பாடம் பண்ணிவைப்போம். நடுவர் முன்னால் நிறுத்தும்போது வெட்கப்படாமல், குரல் தாழ்த்தாமல் சொல்லவேண்டியது: ‘அய்யா, எனக்கு வக்கீல் வேணும். அரசாங்கம் வைக்கணும்.’