பழைய திருவிழாப் படத்தை இழுத்து அகலமாக்க வேண்டாம்



தோட்டத்துக் கோயில் திருவிழா கேசட்டுகளை டிவிடியில் மாற்றும் வேலை இப்ப பல குடும்பங்கள்ல நடக்குது. அதில் எங்க கருத்தை வெளிப்படையாவே சொல்லிடுறோம். டிவி முழுக்க நிறையணும்னு படத்தை இழுக்கிறது தப்பு. ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தா வரட்டும்.

அந்தக் காலத்து வீடியோ கேமரா, டிவி எல்லாம் 4க்கு 3 அளவு. அகலம் 4 பங்குன்னா உயரம் 3 பங்கு. இப்ப வீட்டுல இருக்கிற டிவி 16க்கு 9. பழைய படத்தை இழுத்து இதுல நிரப்பினா எல்லாமே மூணுல ஒரு பங்கு கூடுதலா அகலமாயிடும். அம்மன் அலங்காரம் மாறிப்போகும், ரதம் குட்டையாத் தெரியும், நெத்தியில வெச்ச வட்டப் பொட்டு முட்டை மாதிரி படுத்திருக்கும். தோட்டத்தை வித்தாச்சு, லயத்தை இடிச்சாச்சு, அந்த இடத்துல செம்பனையோ தாமானோ வந்தாச்சு. காலமாகிப்போன பாட்டி தாத்தாவைப் பேரப்பிள்ளைங்க இந்தப் படத்துலதான் முதல் தடவையா பார்க்கப் போறாங்க. ஊதிப்போன முகத்தையா காட்டுறது?

சில கடையில இழுக்காம, மேலயும் கீழயும் வெட்டிடுறாங்க. முகம் சரியா இருக்கும், ஆனா படத்தோட உயரத்துல கால்வாசி போயிடும். பாதம் தெரியலன்னா அது என்ன தீமிதி? காவடி மேல இருக்கிற மயிலிறகும் போச்சு. எங்களைக் கேட்டா இழுக்கிறதை விட இது மோசம். இழுத்ததைத் திரும்ப சரி பண்ணலாம், வெட்டினது வெட்டினதுதான்.

"புது டிவி, பக்கத்துல ஏன் கறுப்பா இருக்கு, கெட்டுப் போச்சா"ன்னு பெரியவங்க கேட்கிறாங்க. நியாயமான கேள்வி. கெடல. அந்த இடத்துல அன்னைக்குப் படமே எடுக்கல, அவ்வளவுதான்.

நம்ம நாட்டு டிவிடி முறைக்குப் பேரு பால். (பால்குடத்துப் பால் இல்லைங்க.) அதுல படம் 720க்கு 576 புள்ளி. 4க்கு 3 படமோ 16க்கு 9 படமோ, புள்ளிக் கணக்கு ஒண்ணுதான். எந்த அளவுல காட்டணும்னு டிவிடியில ஒரு குறிப்பு பதிவாகும், பிளேயர் அதைப் பார்த்துதான் காட்டும். அந்தக் குறிப்பு தப்பானா படமும் தப்பு. அதனால கடையில "4க்கு 3 வைங்க, வெட்டாதீங்க"ன்னு முதல்லயே சொல்லிடுங்க.

டிவிடி கைக்கு வந்ததும் போட்டுப் பாருங்க. முதல்ல ரிமோட்ல டிவியோட பட அளவைப் பாருங்க, பல வீட்டுல இழுக்கிறது டிவிதான். அப்புறம் நேர்ப்பக்கமா தெரியுற ஒரு வட்டத்துல படத்தை நிறுத்துங்க. ரதம் ஏத்தின லாரியோட டயர் போதும். ஸ்கேல் வெச்சு குறுக்கே ஒரு தடவை, மேல கீழ ஒரு தடவை அளந்து பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். ஃபாக்டரியில அளவு பார்த்தே வயசாகிப்போன எங்களுக்கு, கண்ணால பார்த்து "சரியாத்தான் இருக்கு"ன்னு சொல்றதுல நம்பிக்கை இல்ல.

இன்னொண்ணு. தைப்பூசத்துக்கு புந்தோங்கிலிருந்து குனோங் சீரோவுக்கு காவடி வரும்போது கைப்பேசியை நிமிர்த்தி வெச்சே எடுக்கிறோம். அது டிவியில மூணுல ஒரு பங்கு இடத்தைக்கூட நிரப்பாது. டிவிடி போடுற எண்ணம் இருந்தா குறுக்கே பிடிச்சு எடுங்க.

கேசட்டைக் கடையில குடுக்கிறதுக்கு முன்னால தோட்டத்துப் பேரையும் வருஷத்தையும் உறை மேல எழுதிடுங்க. டிவிடி வந்தாலும் கேசட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க.