சேரி காத்த மொழி

விடியற்காலை ஐந்து மணிக்கு திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே போய்ப் பாருங்கள். சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போகும் நம் சனங்கள் தூக்குவாளியோடு மேஸ்திரிக்குக் காத்துக்கினு நிற்பார்கள். அந்த ‘மேஸ்திரி’ போர்ச்சுக்கீசியச் சொல். ஜன்னல், சாவி, அலமாரி, இஸ்திரி எல்லாம் அவன் கப்பலில் வந்ததுதான். நம்மை மிதிக்கும் சாதிக்கு இங்கிலீஷ்காரன் வைத்த ‘காஸ்ட்’ என்ற பேரும், போர்ச்சுக்கீசியன் சொன்ன ‘காஸ்தா’விலிருந்து போனதே.

அவன் விட்டுப்போனது சொற்கள் மட்டுமல்ல. மகாராட்டிரத்தின் ராய்கட் மாவட்டத்தில் கொர்லை என்று ஒரு கடலோரக் கிராமம். அங்கே சுமார் ஆயிரம் கிறித்தவர்கள் போர்ச்சுக்கீசியத்தில் கிளைத்த ஒரு மொழியைப் பேசுகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘நௌ லிங்’, நம்ம மொழி. 1740இல் போர்ச்சுக்கீசியன் மராத்தியரிடம் அந்த இடத்தை விட்டுவிட்டுப் போனான். மொழி போகவில்லை. ஏன்?

1996இல் இம்மொழி பற்றி நூல் எழுதிய கிளான்சி கிளெமென்ட்ஸ், ‘தனிமை’ என்கிறார். மதத்தால் இந்துக்களிடமிருந்து தனிமை. சாதியால் மேல்சாதிக் கிறித்தவர்களிடமிருந்தும் தனிமை. ஞானஸ்நானம் வாங்கியும் சாதி போகவில்லை. கொடுக்கல் வாங்கல் இல்லை, சம்பந்தம் இல்லை. நம் பாஷையில் சொன்னால், சேரி. ஊர் ஒதுக்கியதால் பிழைத்த மொழி அது.

படித்தவர்கள் இதை ‘உடைந்த போர்ச்சுக்கீசியம்’ என்பார்கள். என்ன உடைந்தது? போர்ச்சுக்கீசியத்தில் ‘நான் குடிக்கிறேன் தண்ணி’ என்று வினைச்சொல் நடுவில் நிற்கும். கொர்லைக்காரர்கள் அதை மராத்தி போல, நம் தமிழ் போல, கடைசிக்குக் கொண்டுவந்தார்கள். மராத்தியிலிருந்து வாங்கிய வினைகளுக்கு ‘உ’வில் முடியும் தனி வகுப்பே கட்டினார்கள். பள்ளிக்கூடம் காணாத சனங்கள் செய்த இலக்கணம் இது.

நானும் வாங்கியவன்தான். விழுப்புரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், “துன்னுட்டு வந்தேன் சார்” என்று சொன்னதற்காக வாத்தியார் என்னை பெஞ்சு மேல் ஏற்றினார். வகுப்பே சிரித்தது. ‘தின்’ சங்கப்பாட்டில் இருந்தால் இலக்கியம், எங்க வாயில் இருந்தால் கொச்சையா?

கொர்லையில் 1960களுக்குப் பின் கோவிலில் மராத்தி வந்தது. பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் வெளியே போகிறார்கள். மொழி தேய்கிறது. கொச்சிக்குப் பக்கத்தில் வைப்பீனில் இதே வகை மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் வில்லியம் ரொசாரியோ 2010இல் இறந்தார். அவரோடு அது முடிந்தது.

‘ஐயோ, தனிமை போயிடுச்சே’ என்று அழும் அறிஞர்களே, சுவரைக் காப்பாற்றித்தான் மொழியைக் காப்பாற்றணுமா? எந்த அம்மாவும் பிள்ளையைச் சேரிக்குள்ளேயே வை என்று கேட்கமாட்டாள். படித்து வெளியேறுகிறவன் மேல் பழி போடாதீர்கள். வெளியே போனவன் தன் வீட்டுப் பேச்சைப் பேசக் கூசுகிறானே, அந்தக் கூச்சத்தை ஊட்டியது யார்?

சுவர் இடியட்டும். மொழியும் இருக்கட்டும். இரண்டும் ஒன்றாக நடக்கும், பேசுகிறவனுக்கு மரியாதை இருந்தால். இங்கே செங்கல் சூளையிலிருந்து பள்ளிக்கு வரும் இருளர் பிள்ளை வாய் திறக்கும்போது வாத்தியார் சிரிக்காமல் கேட்கட்டும். வேலை அங்கிருந்து தொடங்குது தோழர்களே.