இல்லறக் கணக்கு: எந்தப் படியில் நிற்பது?



சென்ற திங்கள் இப்பகுதியில் வாடகை ஒப்பந்தம் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த அன்பர் ஒருவர், ஸ்ரீசிட்டித் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிபவர், இவ்வாறு வினவியுள்ளார்: “நடுத்தர எஸ்.யூ.வி. ஒன்று வாங்க எண்ணியுள்ளேன். பெயர் ஒன்று, விலையோ ஏழு. கீழ்ப்படிக்கும் மேற்படிக்கும் ஒன்பது இலட்சம் வேறுபாடு. எந்தப் படியில் நிற்பது?”

நல்ல வினா. ஆயின், விடை கூறுமுன் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். எனக்குச் சொந்தமாகக் கார் இல்லை. நான் இரயில்வே எழுத்தன். படிப்பு மெட்ரிகுலேஷன் அளவே. எனினும் சென்ற ஆண்டு என் மைத்துனன் வண்டி வாங்கியபோது அவனுடன் மூன்று ஷோரூம்களின் படியேறி இறங்கினேன். அதற்குப் பல்லாண்டுகட்கு முன்னரே எங்கள் குடும்பம் இவ்விஷயத்தில் பெரிய விலை கொடுத்து ஒரு பாடம் கற்றிருந்தது. அவ்விரண்டையும் இங்கே கூறுகிறேன்.

முதலில் அந்தப் பாடம். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, 2013-ஆம் ஆண்டில் ஒரு கார் வாங்கினார். அந்நாளில் கீழ்ப்படி வண்டிகள் பலவற்றில் காற்றுப்பை கிடையாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் கிடையாது. அவ்விரண்டும் உள்ள படி எழுபதாயிரம் ரூபாய் கூடுதல் என்றனர். அண்ணன் கீழ்ப்படியையே வாங்கி, மிஞ்சிய பணத்தில் அலாய் வீலும், பாட்டுப் பெட்டியும், தோல் உறையும் போட்டுக்கொண்டார். தெருவே வந்து பார்த்தது. நானும் அதில் ஏறியமர்ந்து பெருமைப்பட்டவனே.

2015-இல் ஒருநாள் இரவு, தடா அருகே நெடுஞ்சாலையில், விளக்கின்றி ஒரு லாரி நின்றிருந்தது. அண்ணன் பிரேக்கை அழுத்தினார். சக்கரங்கள் பூட்டிக்கொண்டன, வண்டி வழுக்கிச் சென்று மோதியது. ஸ்டியரிங் அவர் மார்பில் இடித்தது. உயிர் பிழைத்தார். ஆனால் விலா எலும்புகள் முறிந்து, நெடுநாள் மருத்துவமனையில் கிடந்து, பின்னர் பாரம் தூக்க இயலாதவராகிக் கடையை விற்றார். அலாய் வீல்கள் நான்கும் பழுதின்றி இருந்தன. அவற்றை விற்று வந்த பணம் ஒரு வாரத்து மருந்துக்குப் போயிற்று.

இதனை யாரையும் குறைகூற எழுதவில்லை. அன்று அவருக்கு அருகிருந்து எடுத்துரைப்பார் இல்லை.

நான் பயணச்சீட்டுக் கொடுக்கும் சாளரத்தில் அமர்ந்திருப்பவன். இரயிலிலும் வகுப்புகள் உண்டு. 1974-இல் மூன்றாம் வகுப்பு என்பதை எடுத்துவிட்டார்கள். எனினும் முன்பதிவில்லாப் பெட்டி முதல் குளிர்சாதன முதல் வகுப்பு வரை இன்றும் பல படிகள் உள்ளன. ஆயின் பிரேக் குழாய் எல்லாப் பெட்டிகட்கும் ஒன்றே. சங்கிலியை எவர் இழுத்தாலும் வண்டி முழுதும் நிற்கும். வகுப்பு என்பது அமரும் மெத்தைக்கே அன்றி உயிர்க்காவலுக்கு அன்று. காரிலோ நெடுங்காலம் அப்படியில்லை. பிரேக்கிற்கும் வகுப்புப் பிரித்தார்கள்.

அந்நிலை இப்போது பெரிதும் மாறியுள்ளது. 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்கட்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. அதே ஆண்டு ஜூலையில் ஓட்டுநர்க்கும், 2021 முடிவிற்குள் அருகமர்பவர்க்கும் காற்றுப்பை கட்டாயமாயிற்று. ஆறு காற்றுப்பைகளைக் கட்டாயமாக்கும் எண்ணம் 2023-இல் கைவிடப்பட்டது. ஆகையால் இரண்டுக்கு மேல் எத்தனை என்பது நிறுவனத்தின் விருப்பம். அதைக் கேட்டறிவது நம் பொறுப்பு.

எடுத்துக்காட்டாக, 2015 முதல் ஸ்ரீபெரும்புதூர் அருகே உருவாகும் ஹூண்டாய் க்ரெட்டாவைக் காண்போம். 2024 ஜனவரியில் அது புதுவடிவில் வந்தபோது இ, இஎக்ஸ், எஸ், எஸ்(ஓ), எஸ்எக்ஸ், எஸ்எக்ஸ் டெக், எஸ்எக்ஸ்(ஓ) என ஏழு படிகள் இருந்தன. விலை ஏறத்தாழ 11 இலட்சம் முதல் 20 இலட்சம் வரை. ஆறு காற்றுப்பைகள், நான்கு சக்கரங்கட்கும் டிஸ்க் பிரேக், வண்டி வழுக்கித் திரும்பாமல் தடுக்கும் இ.எஸ்.சி. ஆகியவை கீழ்ப்படியிலேயே இருந்தன. முன்செல்லும் வண்டியைக் கண்டு தானே பிரேக் போடும் ‘அடாஸ்’ ஏற்பாடு மட்டும் மேலிரண்டு படிகளில் இருந்தது. அனந்தப்பூர்ப் பக்கத்துப் பெனுகொண்டாவில் 2019 முதல் உருவாகும் கியா செல்டோஸும் இவ்வாறே பல படிகளாக விற்கப்படுவது. படிகளின் பெயரும் உள்ளீடும் ஆண்டுதோறும் மாறும். ஆகவே அன்றைய விவரப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் உள்ள அட்டவணையைக் கேட்டு வாங்கி, வீட்டிற்குக் கொண்டுவந்து, குடும்பத்தாருடன் அமர்ந்து படியுங்கள். முன்பக்கத்து வண்ணப்படங்கள் எப்போதும் மேற்படி வண்டியினுடையவை.

அட்டவணையைப் படிக்கையில் ஒரு தாளில் மூன்று பத்திகள் இடுங்கள்.

முதற் பத்தி, பின்னர்ச் சேர்க்கமுடியாதவை: காற்றுப்பைகள், இ.எஸ்.சி., பின்னிருக்கை நடுவில் அமர்பவர்க்கும் மூன்றுமுனை சீட் பெல்ட், குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள். இவை தொழிற்சாலையிலேயே அமைந்திருக்கவேண்டும். இவை எந்தப் படியில் நிறைவுறுகின்றனவோ அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

இரண்டாம் பத்தி, சேர்க்க அரிதானவையும் நாள்தோறும் பயன்படுவனவும்: பின்னிருக்கைக்குக் குளிர்காற்று, உயரம் மாற்றக்கூடிய ஓட்டுநர் இருக்கை, பின்கண்ணாடித் துடைப்பான், நல்ல முகப்பு விளக்கு, தானியங்கிக் கியர். நம் ஊர்ச் சித்திரை வெயிலையும், ஐப்பசி மழையையும், திருநெல்வேலி வரை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் செல்லும் பொங்கற் பயணத்தையும் நினைத்துப் பார்த்தால் இவற்றின் அருமை விளங்கும். வீட்டில் யார் யார் பயணம் செய்வர் என்பதைக் கொண்டு இப்பத்தியை நிரப்புங்கள்.

மூன்றாம் பத்தி, சேர்க்கக்கூடியவை அல்லது இல்லாமலே வாழக்கூடியவை: அலாய் வீல், பெரிய திரை, பாட்டுப் பெட்டி, வண்ண விளக்கு, கூரைக் கண்ணாடியான சன்ரூஃப். பெரிய சக்கரத்திற்கு டயர் மாற்றும்போதும் விலை பெரிது என்பதை மறவாதீர்கள்.

அடாஸ் எந்தப் பத்தியில் சேரும்? உண்மையில் அது உயிர்காக்கும் பொருளே, இழித்துரைக்க மாட்டேன். நெடுஞ்சாலையில் நாள்தோறும் செல்வோர்க்கும் இரவில் ஓட்டுவோர்க்கும் அது பணத்திற்குத் தகும். ஆயின் கோடு அழிந்த சாலையிலும், மாடு குறுக்கிடும் ஊத்துக்கோட்டைச் சாலையிலும் அதனை நம்பிக் கண்ணயர முடியாது. முன்கண்ணாடியை மாற்றினால் அதன் காமிராவை மறுபடி அளவுபார்த்துப் பொருத்தும் செலவும் உண்டு.

இனிப் பணக்கணக்கு. என் மைத்துனன் நடுப்படியை விட்டு மேற்படிக்குப் போக விரும்பினான். “மூன்று இலட்சந்தானே அத்தான், மாதத்திற்குக் கொஞ்சம்தானே கூடும்” என்றான். அதற்காகத் தங்கையின் நகைகளை அடகு வைக்கவும் துணிந்தான். நான் தாளை எடுத்தேன். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய வரிப்படி, 10 இலட்சத்திற்கு மேல் 20 இலட்சம் வரை விலையுள்ள காருக்கு வாழ்நாள் வரி 18 விழுக்காடு. 20 இலட்சத்தைத் தாண்டினால் 20 விழுக்காடு. ஆகவே மூன்று இலட்சத்தோடு வரி 54,000 சேரும். அந்த 3,54,000 ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால், மாதத் தவணை ஏறத்தாழ 7,350. கட்டி முடிக்கையில் மொத்தம் ஏறத்தாழ 4,41,000. இன்ஷூரன்ஸ் கூடுதல் தனி. அவ்வைந்தாண்டு முடிவில் இன்ஷூரன்ஸ் கணக்குப்படி வண்டியின் மதிப்போ பாதியாகிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் இவ்வகைக் கார்கட்கு ஜி.எஸ்.டி. 40 விழுக்காடு. ஆகவே படிகட்கிடையே உள்ள ஒவ்வோர் இலட்ச வேறுபாட்டிலும் 28,500 ரூபாய்க்கு மேல் வரியாகவே செல்கிறது.

கணக்கைப் பார்த்து மைத்துனன் நெடுநேரம் பேசவில்லை. அவன் மகள் சன்ரூஃப் கேட்டு அழுதாள். அத்தையம்மாள்தான், “எனக்கு ஏறி இறங்க வாகாகவும், பின்னால் குளிர்ச்சியாகவும் இருந்தால் போதும்” என்று முடித்துவைத்தார்கள். ஆறு காற்றுப்பையும் பின்னிருக்கைக் குளிர்காற்றும் உள்ள நடுப்படியையே வாங்கினான். நகைகள் பெட்டியிலேயே உள்ளன.

எல்லையில் வாழும் நமக்கென ஒரு குறிப்பு. 1960 ஏப்ரல் 1-இல் எல்லை மாறியபோது திருத்தணி சென்னை மாநிலத்திற்கும் சத்தியவேடு ஆந்திரத்திற்கும் சென்றன. உறவு இருபுறமும் இருப்பினும் வண்டிப் பதிவு ஒருபுறமே. ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை மற்றொன்றில் பன்னிரண்டு மாதங்கட்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்யவேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். சொந்த ஊர் முகவரியில் பதிவதா, இங்கே பதிவதா என்பதை வாங்குமுன்னரே முடிவு செய்க.

ஷோரூமில் கவனிக்க வேண்டியவை சில. அவர்கள் ஓட்டிப் பார்க்கத் தருவது பெரும்பாலும் மேற்படி வண்டி. நீங்கள் வாங்கும் படியையே கேளுங்கள். முன்பதிவுத் தாளில் வேரியண்டின் முழுப்பெயர், இயந்திரம், கியர், வண்ணம், உற்பத்தி மாதம் ஆகியவற்றை எழுதச் செய்யுங்கள். இன்ஷூரன்ஸை அங்கேயே எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 10 இலட்சத்திற்கு மேற்பட்ட வண்டிக்கு அவர்கள் பிடிக்கும் ஒரு விழுக்காடு வருமான வரியைக் கணக்குத் தாக்கல் செய்கையில் கழித்துக்கொள்ளலாம். சான்றினைக் கேட்டு வாங்குங்கள்.

வாங்கிய பின்னும் காவலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கக் காற்றுப்பைகள் பெரும்பாலும் இருக்கையின் ஓரத்தில் உள்ளன; கண்ட உறையைப் போட்டு மூடினால் அவை விரியா. முன்னால் இரும்புக் கம்பி பொருத்துவது 2017 முதல் தடுக்கப்பட்டுள்ளது. பின்னிருப்பவரும் பெல்ட் அணியவேண்டும். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தது மிக விலையுயர்ந்த காரில். பின்னிருக்கையில் இருந்த அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை எனக் காவல்துறை கூறியது. எந்தப் படி வண்டியாயினும் பெல்ட்டை நாமேதான் மாட்டவேண்டும்.

ஆகவே அன்பருக்கு என் விடை: உயிர்க்காவல் நிறைவுறும் படி வரை கடன்பட்டேனும் ஏறுங்கள். அதற்குமேல் வசதிக்காக ஏறுவதாயின் கைப்பணத்தில் ஏறுங்கள். கடனில் ஏறவேண்டாம்.

மைத்துனன் வண்டியைப் பார்க்க அண்ணன் வந்திருந்தார். திரையையோ சக்கரத்தையோ பார்க்கவில்லை. “காற்றுப்பை எத்தனை?” என்று மட்டும் கேட்டார். “ஆறு” என்றான். பின்னிருக்கையில் மெல்ல ஏறியமர்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, “போகலாம் தம்பி” என்றார்.

அடுத்த திங்கள், பழைய கார் வாங்குவோர் பார்க்கவேண்டிய தாள்களைப் பற்றி எழுதுவேன். அன்பர்கள் தம் ஐயங்களைச் சங்கத்திற்கு எழுதியனுப்ப வேண்டுகிறேன்.