கடற்படை தினத்தில் ‘தல்வார்’ எங்கே?

டிசம்பர் 4, இந்தியக் கடற்படை தினம். 1971-இல் அந்த நாளின் இரவில் நிர்காட், நிபாட், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள் கராச்சியை நெருங்கி, பாகிஸ்தானின் ‘கைபர்’ போர்க்கப்பலை மூழ்கடித்தன. நம் தரப்பில் ஓர் உயிரும் போகவில்லை. கொண்டாட வேண்டிய வெற்றி, ஐயமே இல்லை. ஆனால் இந்தக் கடற்படை நம்முடையதாக ஆன கதை அதற்குக் கால் நூற்றாண்டு முந்தையது. அந்தக் கதைக்கு விழா மேடையில் நிலையான இடம் இல்லை.

1945 டிசம்பர் 1. அன்றும் கடற்படை தினம்தான். கொண்டாடவிருந்தது பிரிட்டிஷாரின் ராயல் இந்தியக் கடற்படை. பம்பாயில் ‘தல்வார்’ என்ற தகவல்தொடர்புப் பயிற்சி நிலையம் பார்வையாளர்களுக்காக அலங்கரிக்கப்பட்டிருந்தது. விடிந்து பார்த்தால் தோரணங்கள் கருகிக் கிடக்கின்றன. கொடிமரத்தில் துடைப்பமும் வாளியும் தொங்குகின்றன. சுவரெங்கும் ‘வெள்ளையனே வெளியேறு’!

பொறி அணையவில்லை. கல்லும் மண்ணும் கலந்த சாப்பாடு, வெள்ளை அதிகாரிகளின் இனவெறி வசவு, கிடைக்காத சமச் சம்பளம் என்று எல்லாம் சேர்ந்து, 1946 பிப்ரவரி 18 அன்று தல்வார் மாலுமிகள் உணவைத் தொட மறுத்தார்கள். கராச்சி, சென்னை, கொச்சி, விசாகப்பட்டினம் என்று வேலைநிறுத்தம் பரவியது. 78 கப்பல்கள், சுமார் 20,000 மாலுமிகள். கொடிக்கம்பங்களில் காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகள் சேர்ந்தே பறந்தன. பிரிவினைக்கு ஒன்றரை ஆண்டு முன்பு, இந்த ஒற்றுமையை வேறு எங்கே பார்த்தோம்? ஆதரவாகத் தெருவில் இறங்கிய பம்பாய் மக்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள்.

படேல் கேட்டுக்கொண்டபடி பிப்ரவரி 23 அன்று சரணடைந்த மாலுமிகளில் நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். விடுதலைக்குப் பிறகும் இந்தியக் கடற்படையோ பாகிஸ்தான் கடற்படையோ அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. நம் கடற்படைக்கு முதல் இந்தியத் தலைவராகச் செங்கல்பட்டில் பிறந்த ராம்தாஸ் கட்டாரி வந்ததே 1958-இல்தான். அதுவரை வெள்ளையர் தலைமையிலேயே கப்பல்கள் ஓடின.

2022 குடியரசு தின அணிவகுப்பில் கடற்படை தன் ஊர்தியில் இந்த எழுச்சியைக் காட்டியது. மனம் நிறைந்த காட்சி. ஒரு நாள் ஊர்வலத்தோடு அது முடிந்துவிடக் கூடாது. பிப்ரவரி 18-ஐக் கடற்படை ஆண்டுதோறும் அதிகாரபூர்வமாக நினைவுகூர வேண்டும். டிசம்பர் 4 அன்று கராச்சி வீரர்களைப் போற்றும் அதே மேடையில் தல்வார் மாலுமிகளின் பெயர்களையும் வாசிக்க வேண்டும்.