377ஏ நீங்கியது, இனத் தயக்கம் நீங்கியதா?

ஆண்களுக்கிடையேயான பாலுறவைக் குற்றமாகக் கருதிய 377ஏ சட்டப்பிரிவு, 2023 ஜனவரி 3ஆம் தேதி சிங்கப்பூரில் முடிவுக்கு வந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில், 1938ல் கொண்டுவரப்பட்ட பிரிவு அது. சட்டம் விலகிய பிறகும் அதிகம் பேசப்படாத ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களுக்கிடையே இனம் எந்த அளவுக்குக் குறுக்கே நிற்கிறது?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளில் சீனர்கள் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர்கள் 13.5 விழுக்காடு, இந்தியர்கள் 9 விழுக்காடு. ஆக, தன்பாலின ஈர்ப்புள்ள ஓர் இந்தியரோ மலாய்க்காரரோ சிறுபான்மைக்குள் சிறுபான்மையாக இருக்கிறார்.

வீட்டு வாடகை விளம்பரங்களில் ‘இந்தியர் வேண்டாம்’ என்ற வரியைப் பார்த்து மனம் நொந்தவர்கள் நம்மில் உண்டு. ஆண்கள் துணை தேடும் செயலிகளிலும் அதே மாதிரியான வரிகள் இடம்பெற்றதுண்டு. ‘இது என் தனிப்பட்ட விருப்பம், இனவாதம் அல்ல’ என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். உலகெங்கும் எழுந்த விமர்சனத்துக்குப் பிறகு, இனவாரியாக ஆட்களை வடிகட்டும் வசதியை நீக்குவதாக ‘கிரைண்டர்’ செயலி 2020 ஜூன் மாதம் அறிவித்தது.

இதைக் காதல் ஏமாற்றம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. உடல்நலமும் மனநலமும் இதில் அடங்கியுள்ளன. எச்ஐவி பரிசோதனையை எங்கே பெயர் கொடுக்காமல் செய்துகொள்ளலாம், தொற்றுக்கு முன்பே உட்கொள்ளும் தடுப்பு மருந்தை யாரிடம் கேட்கலாம் என்பன போன்ற விவரங்கள் பெரும்பாலும் நண்பர்கள் வழியாகவே பரவுகின்றன. வீட்டில் வாய் திறக்க முடியாத ஒருவர், நண்பர் வட்டத்திலும் ஒதுக்கப்பட்டால், அந்த விவரம் அவரை எப்படிச் சென்றடையும்?

சிங்கப்பூரில் 2017 வரை சுமார் பத்தாண்டுகளாக, ஆண்டுதோறும் 400க்கும் அதிகமானோருக்குப் புதிதாக எச்ஐவி தொற்று கண்டறியப்பட்டது. 2022ல் அந்த எண்ணிக்கை 202ஆகக் குறைந்தது. 1988ல் தொடங்கப்பட்ட ‘ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ்’ அமைப்பு பெயர் கேட்காமல் பரிசோதனை செய்கிறது. 1999ல் தொடங்கிய ‘ஊகாசாகா’ மனநல ஆலோசனை வழங்குகிறது. உதவி இருக்கிறது. தயக்கமின்றி அந்த வாசலை மிதிக்கத் துணை தேவைப்படுவோரும் இருக்கிறார்கள்.

இன நட்பும் நலமும் உரிமைக் குரலும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதற்கு அமெரிக்காவில் ஒரு முன்னுதாரணம் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவில் 1980ல், ‘கறுப்பு வெள்ளை ஆண்கள் ஒன்றாக’ என்று பொருள்படும் பெயரில் ஒரு சங்கம் உருவானது. நட்புக்காகக் கூடியவர்கள், மதுக்கூட வாசல்களில் கறுப்பினத்தவரிடம் மட்டும் கூடுதல் அடையாள அட்டைகள் கேட்கப்படுவதை எதிர்த்தார்கள். எய்ட்ஸ் பரவியபோது அதே அமைப்பிலிருந்து தேசியத் தடுப்புப் பணிக்குழு பிறந்தது. அதை வழிநடத்திய ரெஜி வில்லியம்ஸ் ஒரு கறுப்பினத்தவர். வெள்ளையர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட தடுப்புச் செய்திகள் தம் மக்களைச் சென்றடையவில்லை என்பதே அவர்களின் வாதம்.

சிங்கப்பூரிலும் இனம் கடந்த துணைக்கு எடுத்துக்காட்டு இல்லாமல் இல்லை. 2010ல் 377ஏ பிரிவை எதிர்த்துச் சீனர் ஒருவருக்காக நீதிமன்றம் சென்றவர் இந்தியரான வழக்கறிஞர் எம். ரவி. 2009 முதல் ஹோங் லிம் பூங்காவை மையமாகக் கொண்டு நடந்துவரும் ‘பிங்க் டாட்’ நிகழ்ச்சியிலும் எல்லா இனத்தவரும் கூடுகிறார்கள். எனினும், ஆண்டுக்கு ஒருநாள் கூடுவது வேறு, ஆண்டு முழுவதும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருவது வேறு.

சட்டத்திலும் ஓர் இடைவெளி தெரிகிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம், இனப் பாகுபாட்டுக்கு எதிராகப் பாதுகாப்பு தருகிறது. பாலின ஈர்ப்பு அந்தப் பட்டியலில் இல்லை. நியாயமான வேலை நியமன வழிகாட்டி நெறிமுறைகள் எல்லா வகைப் பாகுபாட்டுக்கும் எதிரானவை என்று அரசாங்கம் கூறியுள்ளது. ஆனாலும், இந்தியர் என்பதற்காக ஒதுக்கப்பட்டால் இச்சட்டத்தைச் சுட்டக்கூடிய ஊழியர், தன்பாலின ஈர்ப்புக்காக ஒதுக்கப்பட்டால் அதைச் சுட்ட முடியாது. அவர் இருவர் அல்ல, ஒருவரே.

திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்ற வரையறையில் அரசாங்கம் உறுதியாக உள்ளது. சமய அமைப்புகள் பலவற்றின் நிலைப்பாடும் அதுவே. அந்த விவாதம் தொடரட்டும். அது முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் உள்ளன. பரிசோதனை, சிகிச்சை பற்றிய தகவல்கள் தமிழிலும் மலாயிலும் தெளிவாகக் கிடைக்க வேண்டும். ஆதரவு அமைப்புகளின் தொண்டூழியர்களில் எல்லா இனத்தவரும் இருக்க வேண்டும். ‘இந்தியர் வேண்டாம்’ என்ற வரி வாடகை விளம்பரத்தில் நம்மைச் சுட்டால், நம் வீட்டுப் பிள்ளை அதே வரியை வேறோர் இடத்தில் தனியாகப் படித்துக்கொண்டிருக்கக்கூடும் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அப்போது அவர் வந்து பேச வீட்டில் ஓர் ஆளாவது வேண்டும்.